பிளக் கவர் மாட்டியாச்சு சரி, பக்கெட்டை கவுத்து வச்சீங்களா?

நீங்க கேட்டது இதுதான். பையனுக்கு ஒரு வயசு எட்டு மாசம், பிளக் பாயின்ட் எல்லாத்துக்கும் கவர் மாட்டியாச்சு, டீபாய் முனைக்கு ரப்பர் ஒட்டியாச்சு, பொங்கலுக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் (9 வயசு, 11 வயசு) ஊர்லருந்து மாமியாரும் வந்து பத்து நாள் தங்கப் போறாங்க, அதுக்குள்ள பெயின்ட் வேலையும் இருக்கு, விளையாடுற பிள்ளைக்கு வேற என்னெல்லாம் பாத்து வைக்கணும்னு. அந்த "பத்து நாள் தங்கப் போறாங்க"ங்கிற வரிய படிச்சதும்தான் இத நீளமா எழுதணும்னு உக்காந்தேன் ம்மா.

நான் குழந்தைங்க கேஷுவாலிட்டியில 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, இப்ப ரிட்டையர்டு. எங்க வார்டுக்கு வந்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல அம்மா சொல்றது ஒரே மாதிரி இருக்கும். "அன்னிக்கு மட்டும்தான் சிஸ்டர்." அன்னிக்கு மட்டும்தான் தின்னர கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வச்சோம், அன்னிக்கு மட்டும்தான் தண்ணி வரலன்னு பக்கெட்டுல புடிச்சு வச்சோம், அன்னிக்கு மட்டும்தான் பாட்டி பை கீழ இருந்துச்சு. தினமும் இருக்குற வீட்ட பிள்ளையும் பழகிருக்கும், நாமளும் பழகிருப்போம். விசேஷம், வெள்ளையடிப்பு, வீடு மாத்துறது, விருந்தாளி, தண்ணி லாரி வர்ற நாள், இப்படி வீடு கலைஞ்சு கெடக்குற நாள்லதான் சாமான் எல்லாம் இடம் மாறி பிள்ளை கைக்கு வந்து சேரும். உங்க வீட்டுல அந்த மாதிரி பத்து நாள் வரிசையா வருது. அதனால பொதுவா இருக்குற லிஸ்ட்ட விட்டுட்டு, உங்க வீட்டுக்கு வரப்போற ஆட்கள், அவங்க கொண்டு வர்ற சாமான், அத வச்சே சொல்றேன்.

மொதல்ல பெரிய பசங்க. 9 வயசு 11 வயசு பிள்ளைங்க விளையாட்டு சாமான் அவங்களுக்கு ஆபத்தில்ல, உங்க பையனுக்குத்தான். இதுல நான் ரொம்ப பயப்படுறது பட்டன் பேட்டரி. காசு மாதிரி வட்டமா பளபளன்னு இருக்குமே, சிஆர் 2032-ன்னு மேல எழுதியிருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். இந்த சைஸ்தான் சின்ன பிள்ளை உணவுக்குழாய்ல கரெக்டா மாட்டிக்கிற சைஸ். பலபேர் நெனைக்கிற மாதிரி பேட்டரி ஒடஞ்சு உள்ள இருக்குற கெமிக்கல் கசிஞ்சு சுடுறதில்ல. மாட்டுன எடத்துல ஈரம் இருக்குல்ல, அதுல கரன்ட் பாஞ்சு அந்த எடத்துலயே காரம் உண்டாகுது, சோப்புக்கு போடுற காஸ்டிக் சோடா மாதிரி. ரெண்டே மணி நேரத்துல குழாய் வெந்து போற அளவுக்கு புண்ணாயிடும். சார்ஜ் தீர்ந்துபோச்சுன்னு ரிமோட்லருந்து கழட்டி போட்ட பழைய பேட்டரிக்கும் இதுக்கு போதுமான கரன்ட் இருக்கு, அதனால "அது செத்த பேட்டரிதானே"ன்னு விடாதீங்க.

இது எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு தடவை வீட்ட சுத்தி பாருங்க. ஏசி ரிமோட், காருக்கான ரிமோட் சாவி, எடை பாக்குற மெஷின், ஜுர மானி, பாட்டு பாடுற பர்த்டே கார்டு, லைட் எரியுற சுத்துற பொம்மை, அப்புறம் கார்த்திகைக்கு வாங்குன எல்இடி அகல் விளக்கு. இந்த அகல் விளக்குதான் மோசம், அடியில ஸ்குரூ இருக்காது, நகத்தால நெம்புனாலே மூடி வந்துரும், பாக்க அழகா இருக்கேன்னு நாமளே பிள்ளை கையில குடுத்து படம் எடுப்போம். அமெரிக்காவுல 2020-ல ஒன்றரை வயசு பிள்ளை ஒண்ணு ரிமோட் பேட்டரிய முழுங்கி இறந்துபோச்சு, அந்த அம்மா விடாம போராடி 2022-ல ரீஸ் சட்டம்னே அந்த பிள்ளை பேர்ல வந்துச்சு, பேட்டரி மூடிய பிள்ளை கையால தொறக்க முடியாதபடி செய்யணும்னு. இங்க நம்ம கடைத்தெருவுல 50 ரூபாய்க்கு கிடைக்கிற பொம்மையில அத எதிர்பாக்காதீங்க. ஸ்குரூ இல்லாத மூடி எதுவா இருந்தாலும் பிள்ளை கைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே போதும், பாத்ததா சாட்சி தேவையில்ல. எச்சி வழியுது, சாப்பாடு வேண்டாம்ங்குது, நெஞ்ச புடிக்குது, காரணமில்லாம கொரகொரன்னு மூச்சு, இதெல்லாம் அறிகுறி, ஒண்ணுமே இல்லாமயும் இருக்கும். உடனே எக்ஸ்ரே இருக்குற பெரிய ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் குடுத்து கீழ தள்ளப் பாக்காதீங்க. ஒரு வயசு தாண்டுன பிள்ளைன்னா, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ள இருந்தா, பிள்ளையால முழுங்க முடிஞ்சா, போற வழியில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல வேண்டாம். தேன் அந்த காரத்த கொஞ்சம் மட்டுப்படுத்தும், குணமாக்காது, தேன் தேடுறேன்னு கிளம்ப லேட் பண்ணவும் கூடாது. ஒரு வயசுக்குள்ள தேனே கூடாது. எக்ஸ்ரேல பேட்டரிக்கு ஓரத்துல ரெண்டு வளையமா தெரியும், காசுக்கு ஒரே வளையம், அத வச்சுத்தான் நாங்க காசா பேட்டரியான்னு பிரிப்போம். ஒரு தடவை "ஒரு ரூபா காசுதான் சிஸ்டர், தானா வந்துரும்"னு சொல்லி ஒரு அப்பா பிள்ளைய ஒரு நாள் முழுக்க வீட்டுல வச்சிருந்து கூட்டிட்டு வந்தாரு. படத்துல ரெண்டு வளையம். அதுக்கு மேல அந்த கதைய இங்க எழுத மனசில்ல.

பெரிய பசங்க பையில அடுத்தது காந்த உருண்டை. மிளகு சைஸ்ல வெள்ளி கலர்ல நூறு இருநூறு சேர்ந்து வருமே, ரீல்ஸ்ல பாத்து கேட்டு வாங்குறாங்க. ஒண்ணு முழுங்குனா பெரும்பாலும் வெளிய வந்துரும். ரெண்டு முழுங்குனா குடல்ல வேற வேற மடிப்புல நின்னுட்டு ஒண்ண ஒண்ணு இழுக்கும், நடுவுல மாட்டுன குடல் சுவர் நசுங்கி ஓட்டை விழுந்துரும். எக்ஸ்ரேல ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணு மாதிரி தெரிஞ்சு ஏமாத்தவும் செய்யும். அக்காகிட்ட முன்கூட்டியே போன் பண்ணி அத ஊர்லயே விட்டுட்டு வரச் சொல்லுங்க, வந்தப்புறம் பிடுங்குனா பசங்க அழுவாங்க, உங்களுக்கும் அக்காவுக்கும் மனஸ்தாபம். அதே போன்ல, தண்ணியில போட்டா ஊதிக்கிற கலர் ஜெல் முத்து இருக்கே, அதையும் சொல்லிருங்க. ஜவ்வரிசி மாதிரி சின்னதா முழுங்குவான், உள்ள போய் கோலி குண்டு சைஸ்ல ஊதி குடல அடைச்சுக்கும், சாதாரண எக்ஸ்ரேல தெரியவும் தெரியாது. பலூன் ஊதுனா பெரியவங்க ஊதட்டும், வெடிச்ச துண்ட உடனே பொறுக்கிருங்க, அந்த ரப்பர் துண்டு தொண்டையில படிஞ்சிடுச்சுன்னா எடுக்கறது எங்களுக்கே கஷ்டம்.

இப்ப நான் சொல்லப்போறது உங்க பையனுக்கு இல்ல, அக்கா பசங்களுக்கு. உங்க வீட்டுல தூளி கட்டியிருக்கீங்களா? ஒரு வயசு எட்டு மாசம்னா இன்னும் பகல் தூக்கத்துக்கு கட்டியிருப்பீங்கன்னு நெனைக்கிறேன். பேப்பர்ல வருஷத்துக்கு நாலஞ்சு தடவையாவது நான் படிச்சிருக்கேன், "சேலை ஊஞ்சலில் விளையாடிய சிறுமி கழுத்து இறுகி பலி"ன்னு, எட்டாம் பக்கத்துல ஒரு சின்ன பெட்டி செய்தி. எல்லாமே எட்டு, பத்து, பன்னெண்டு வயசு பிள்ளைங்க. தூளியில உக்காந்து சுத்துவாங்க, சேலை முறுக்கிட்டே போகும், விட்டா திருப்பி சுத்தும், ராட்டினம் மாதிரி ஜாலியா இருக்கும். அந்த முறுக்குக்குள்ள கழுத்து மாட்டுனா கத்த முடியாது, பத்து பதினஞ்சு செகண்டுல மயக்கம் வந்துரும், மயங்குனதும் உடம்பு எடையே இறுக்கிரும். கால் தரையில முட்டுற உயரத்துலயே நடந்திருக்கு, அதுதான் யாராலயும் நம்ப முடியாத விஷயம். வயசான அம்மாக்கள் சொல்ற ஒண்ணுக்கும் உதவாத மூடநம்பிக்கைன்னு நாம தள்ளுற "வெறும் தூளிய ஆட்டக்கூடாது"ங்கிற பேச்சு இருக்கே, அத சொன்ன யாரோ ஒருத்தி ஏதோ பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கணும்னு எனக்கு தோணும். பையன் எந்திரிச்சதும் சேலைய சுருட்டி மேல கொக்கியிலயே முடிஞ்சு போட்டுருங்க, பெரிய பசங்க எம்பினாலும் எட்டாத மாதிரி. பத்து நாளைக்கு அவுத்தே வச்சாலும் நல்லது. துப்பட்டா ஊஞ்சல், ஸ்கூல் ஐடி கார்டு கயித்தோட சறுக்குமரம் ஏறுறது, எல்லாம் இதே கணக்குதான்.

மாமியார் விஷயத்துக்கு வரேன், கோவிச்சுக்காதீங்க, நானும் இப்ப பாட்டிதான். பாட்டிங்க பை தரையில இருக்கும், இல்லன்னா கட்டில் கால்ல சாய்ஞ்சிருக்கும். உள்ள மாத்திரை. சுகர் மாத்திரையில கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி சிலது ஒரே ஒண்ணு போதும், உங்க பையன் சைஸ் பிள்ளைக்கு சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி ஃபிட்ஸ் வர்ற அளவுக்கு போயிரும். அதுவும் முழுங்குன உடனே தெரியாது, சில சமயம் பல மணி நேரம் கழிச்சு ராத்திரி தூக்கத்துல இறங்கும், நாம நல்லா தூங்குதுன்னு நெனச்சிருப்போம். பிரஷர் மாத்திரையில சிலதும் அப்படித்தான். மாத்திரைய அட்டையிலருந்து பிரிச்சு திங்கள் செவ்வாய்னு போட்டு வைக்கிற டப்பா இருக்கே, அது பிள்ளை கைக்கு கிடைச்சா கிலுகிலுப்பை. வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்து சத்து மாத்திரை வாங்கியிருந்தா அதையும் மேல ஏத்துங்க. அந்த சிவப்பு இரும்பு மாத்திரை பாக்க கலர் மிட்டாய் மாதிரியே இருக்கும், நாலஞ்ச தின்னா வாந்தி பேதி வந்து, அப்புறம் கொஞ்ச நேரம் நல்லா ஆன மாதிரி இருந்து, அதுக்கப்புறம் ஒரேயடியா சாயும். நடுவுல நல்லா இருக்குற அந்த நேரத்துல வீட்டுக்கு கூட்டிட்டு போறேன்னு சண்டை போட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

வெத்தலை போடுற பாட்டியா இருந்தா சுண்ணாம்பு. இத யாரும் நெனைக்கவே மாட்டாங்க. சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டுல, டியூபுல ஈர சுண்ணாம்பு வருதே, அத பிள்ளை பிதுக்கி விளையாடும், பட்டுன்னு வெடிச்சு கண்ணுல அடிக்கும். கண்ணுக்கு ஆசிட்ட விட சுண்ணாம்பு மாதிரி காரம் மோசம், உள்ள எறங்கிட்டே இருக்கும், கருவிழி வெளுத்துப்போய் பார்வையே போன பிள்ளைங்க உண்டு. பட்டுச்சுன்னா அந்த நிமிஷமே குழாயடி, இமைய விரிச்சு புடிச்சு தண்ணிய விட்டுட்டே இருக்கணும், கத்துனாலும் ஒதச்சாலும் 20 நிமிஷம், அரைமணி நேரம். இமைக்குள்ள ஒட்டியிருக்குற துணுக்கையும் கழுவி விடுங்க. தாய்ப்பால் விடுறது, விளக்கெண்ணெய் விடுறது எதுவும் வேண்டாம், கழுவிட்டு நேரா கண் ஆஸ்பத்திரி.

பூஜை ரூம் கற்பூரம். கல்கண்டுன்னு நெனச்சு வாயில போடும். கற்பூரம் உள்ள போனா பத்து பதினஞ்சு நிமிஷத்துலயே ஃபிட்ஸ் வரலாம், சின்ன பிள்ளைக்கு அரை கிராம் ஒரு கிராமே உயிருக்கு ஆபத்தான அளவு. டப்பா மூடாம தீபாராதனை தட்டு பக்கத்துலயே வைக்கிற பழக்கம் எல்லார் வீட்டுலயும் இருக்கு, எங்க வீட்டுலயும் இருந்துச்சு. பீரோவுல போடுற அந்துருண்டை இன்னொண்ணு, அது சில பிள்ளைங்களுக்கு ரத்த அணுவ ஒடச்சு விட்டுரும், ரெண்டு மூணு நாள் கழிச்சு மூத்திரம் கறுப்பு டீ கலர்ல போகும், உடம்பு மஞ்சளாகும். பொங்கலுக்கு பட்டு எடுக்கறேன்னு பீரோவ தொறக்கும்போது அது உருண்டு கட்டிலுக்கு அடியில போயிருக்கும், எண்ணி எடுங்க. போன பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்குன களிமண் பிள்ளையார் இன்னும் மாடத்துல இருக்கா? கண்ணுக்கு வச்ச குன்றிமணிய பாத்துக்கங்க. முழுசா முழுங்குனா தோல் கெட்டிங்கிறதால பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும், மென்னா விஷம். அதையெல்லாம் யார் மெல்லுவான்னு கேக்காதீங்க, பல் முளைக்கிற பிள்ளை மெல்லும். அதே மாதிரி அக்கா பசங்க சொப்பு வச்சு சோறாக்கி விளையாடும்போது தெருவுல இருக்குற அரளி விதை, காட்டாமணக்கு விதைய கொண்டு வந்து "பருப்பு"ன்னு வச்சுக்குவாங்க, காட்டாமணக்கு கடலை மாதிரி ருசியா வேற இருக்குமாம், அதனால பெரிய பிள்ளைங்களே தின்னுட்டு கூட்டமா வாந்தி எடுத்துட்டு வருவாங்க. ஒரு தடவை காட்டி சொல்லிக் குடுத்துருங்க.

பெயின்ட் வேலை. தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய் எதுவானாலும் தண்ணி பாட்டில்ல, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தக்கூடாது, பெயின்டர் ஊத்துவார், நீங்க சொல்லணும். இந்த எண்ணெய் வகையில வயித்துக்கு போறத விட நுரையீரலுக்கு போறதுதான் கெடுதி, ஒரு மொடக்கு குடிக்கும்போதே பொரையேறி உள்ள எறங்கிரும். வாந்தி எடுக்க வச்சா வர்ற வழியில இன்னொரு தடவை நுரையீரலுக்கு போகும். உப்புத்தண்ணி குடுத்து தொண்டையில விரல விட்டு கூட்டிட்டு வருவாங்க பாருங்க, அந்த பிள்ளைங்களுக்குத்தான் நிமோனியா ரொம்ப மோசமா இருக்கும். கொசுவத்தி மெஷின்ல மாட்டுற ரீஃபில்லும் மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய்ல கரைச்சதுதான், அத தரை மட்டத்து பிளக்குல மாட்டாதீங்க. பாத்ரூம் ஆசிட்டும் லேபிள் இல்லாத பினாயில் பாட்டிலும் கதவுக்கு பின்னாடி மூலையில இருக்கும், தெரியும். எலி பேஸ்ட் பழசு எங்கயாவது கெடந்தா தூக்கி போடுங்க, மஞ்சள் பாஸ்பரஸ் போட்டது நம்ம மாநிலத்துல தடை, ஆனா பழைய டியூப் பரண்ல இருக்கும். அது தின்னா மொத நாள் பெருசா ஒண்ணும் தெரியாமயும் இருக்கலாம், ரெண்டு மூணு நாள்ல கல்லீரல் போயிரும், மாத்து மருந்து கிடையாது.

பெயின்ட் அடிக்கிறதுக்கு பீரோவையும் டிவியையும் நடு ஹாலுக்கு இழுப்பாங்க. செவுத்துல சாஞ்சு நின்னது இப்ப தனியா நிக்குது. பிள்ளைக்கு கீழ் டிராயர் ஏணிப்படி, தொறந்து மிதிச்சா எடை முன்னாடி சாயும். அமெரிக்காவுல ஐக்கியாங்கிற மரச்சாமான் கம்பெனி 2016-ல 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிய திரும்ப எடுத்துக்கறோம்னு அறிவிச்சதே இப்படி பிள்ளைங்க மேல விழுந்து இறந்ததாலதான். வேலை முடிஞ்சதும் பீரோவ செவுத்தோட ஒரு எல் பட்டை வச்சு ஸ்குரூ போட்டுருங்க, கார்பென்டருக்கு பத்து நிமிஷ வேலை. வாடகை வீடுன்னா ஓனர் ஓட்டை போட விட மாட்டார்னு தெரியும், ஆனாலும் கேளுங்க. கேட்டுல தொங்கிட்டு ரயில் ஓட்டுற விளையாட்டும் நிறுத்தணும், அந்த தள்ளுற இரும்பு கேட்டுக்கு கடைசியில நிறுத்துற கட்டை தேஞ்சு போயிருந்தா தண்டவாளத்த விட்டு வெளிய வந்து அப்படியே பிள்ளை மேல சாயும், நம்ம ஊர்ல இது அடிக்கடி நடக்குது.

தண்ணிக்கு நெறைய எழுதணும், ஏன்னா இதுக்குத்தான் சத்தமே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2024-ல வெளியிட்ட அறிக்கையில, 2021-ல உலகம் முழுக்க தண்ணியில மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம், அதுல கிட்டத்தட்ட கால்வாசி அஞ்சு வயசுக்குள்ள. நாம ஆறு, குளம், கிணறுன்னு நெனப்போம். உங்க பையன் வயசுக்கு பாத்ரூம்ல இருக்குற பக்கெட்டுதான் கிணறு. இந்த வயசுல உடம்புக்கு தலை பெருசு, தலை கனம். மக்கு மிதக்குதேன்னு எட்டிப் பாக்கும், தலை கீழ போயிரும், கையில திருப்பி எம்புற பலம் இருக்காது. வெறும் பக்கெட்டுன்னா கவுந்துரும், பாதிக்கு மேல தண்ணி இருந்தா கனத்துக்கு அசையாம நிக்கும், அதனாலதான் மோசம். கத்துறதும் கிடையாது, தண்ணிய அடிக்கறதும் கிடையாது. நாலஞ்சு நிமிஷத்துல மூளைக்கு பாதிப்பு. ஒரு போன் பேசி முடிக்கிற நேரம். இத்தனை பேர் இருக்குற வீட்டுல எல்லாரும் தண்ணி புடிச்சு வைப்பாங்க, பாத்ரூம் கதவ சாத்த மறப்பாங்க, "அவ பாத்துக்குவா"ன்னு ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர நெனப்பாங்க, வீட்டுல ஆள் கூடக் கூட பிள்ளைய பாக்குற ஆள் குறையும்கிறது எங்க வார்டுல பாத்து பாத்து அலுத்துப்போன விஷயம். வெளியில பாத்ரூம் கதவுல பெரியவங்க தோள் உயரத்துக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்க, கடையில கொஞ்ச காசுதான், நீங்க வாங்குன எல்லா கவரையும் விட அது உபயோகம். குளிச்சு முடிச்சதும் பக்கெட்ட கவுக்கணும். டிரம்முக்கு மூடி போட்டு மேல கல்லு வச்சா போதாது, கயிறு போட்டு இறுக்கி கட்டணும்.

வாசல்ல சம்ப் (தரைக்கு அடியில இருக்குற தண்ணித் தொட்டி) இருக்குன்னு எழுதியிருந்தீங்க. மூடிய இப்பவே போய் பாருங்க. பிளைவுட், தகரம், துருப்பிடிச்ச மூடி இருந்தா ஓனர்கிட்ட பேசி இரும்பு மூடியும் பூட்டும் போட வைங்க. லாரி தண்ணி எறங்குற அன்னிக்கும் மோட்டார் ரிப்பேர் அன்னிக்கும் மூடி தொறந்தா, மூடுற வரைக்கும் ஒரு ஆள் அங்கயே நிக்கணும், அந்த ஆள் யாருன்னு பேர் சொல்லி நிறுத்தணும். 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில வீட்டுகிட்ட விளையாடிட்டு இருந்த ரெண்டு வயசு பையன் பயன்படாம கெடந்த ஆழ்துளை கிணத்துல விழுந்தத நாலு நாள் நாடே டிவியில பாத்துச்சு, அந்த வாரம் எல்லாரும் அவங்கவங்க வீட்டு குழிய போய் பாத்தாங்க. அப்புறம் மறந்தாச்சு.

தண்ணியிலருந்து தூக்குனா பிள்ளைய தலைக்கு மேல வச்சு சுத்துறது, வயித்த அமுக்கி தண்ணி எடுக்கறது, தலைகீழா தொங்க விடுறது, எதுவும் வேண்டாம், எல்லாம் நேரம் போறதுதான். மூச்சு இல்லன்னா உடனே படுக்க வச்சு வாயோட வாய் வச்சு காத்து ஊதணும், நெஞ்ச அமுக்கணும், இன்னொருத்தர் 108 போடணும். பாத்து தெரிஞ்சுக்கற விஷயமில்ல இது, ஒரு நாள் டிரெயினிங்ல கையால செஞ்சு பழகணும், நீங்களும் வீட்டுக்காரரும் போயிட்டு வாங்க.

தின்னுட்டே விளையாடுறதப் பத்தியும் சொல்லிடறேன். பொங்கல்னா நிலக்கடலை, பொரிகடலை, கரும்பு எல்லாம் தட்டுல திறந்தே இருக்கும். சுவாசக்குழாய்ல மாட்டி ஸ்கோப் போட்டு எடுத்ததுல நான் அதிகமா பாத்தது நிலக்கடலைதான், அப்புறம் புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை. ஓடிட்டே, சிரிச்சுட்டே மென்னுட்டு இருக்கும்போது திடீர்னு ஒரு பெரிய இருமல், மூஞ்சி செவக்கும், அப்புறம் அடங்கிரும். அடங்குனதும் நாம சரியாயிடுச்சுன்னு விட்டுருவோம், அது உள்ள ஒரு பக்க குழாய்ல போய் உக்காந்துருக்கும், கடலை எக்ஸ்ரேல தெரியாது, வாரக்கணக்குல சளி, வீசிங்னு மருந்து குடுத்துட்டு இருப்பாங்க. அதனால டாக்டர்கிட்ட "கடலை தின்னும்போது பொரையேறுச்சு"ங்கிற ஒரு வரிய மறக்காம சொல்லணும், அந்த வரிதான் டயக்னோசிஸ். நாலு வயசு வரைக்கும் முழு கடலை வேண்டாம், பொடிச்சு குடுங்க. நிஜமாவே அடைச்சு இருமக்கூட முடியாம நீலமானா, உங்க பையன் வயசுக்கு முன்னாடி குனிய வச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால அஞ்சு தட்டு, அப்புறம் பின்னாடி நின்னு தொப்புளுக்கு மேல அஞ்சு தடவை உள்ளையும் மேலயும் அமுக்கணும், மாத்தி மாத்தி. ஒரு வயசுக்குள்ளன்னா வயிறு வேண்டாம், முதுகும் நெஞ்சும்தான். இருமிட்டு இருந்தா இரும விடுங்க. வாயில தெரியாத பொருள விரல விட்டு தோண்டாதீங்க, இன்னும் உள்ள போகும்.

சூடு பத்தி உங்களுக்கே தெரியும், சாம்பார் குண்டான தரையில வச்சு பரிமாறுற பந்தி வீட்டுல மட்டும் ஜாக்கிரதை. பட்டுட்டா 20 நிமிஷம் ஓடுற குழாய்த் தண்ணி. இட்லி மாவு, பேஸ்ட், பேனா மை எதையும் பூசாதீங்க, அத சொரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும், அந்த வேலைய செஞ்சவ நான். ஹீட்டர் ராடு போட்ட பக்கெட் பாத்ரூம்ல இருக்கும்போது உள்ள யாரும் போகக்கூடாது. போன் சார்ஜர சுவிட்சு ஆஃப் பண்ணாம வொயர தொங்க விட்டா அந்த முனை நேரா வாய்க்குத்தான் போகும். வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீஷியன கேளுங்க, அது பிளக் கவர விட பெரிய காவல்.

கண்ணாமூச்சி விளையாடும்போது அக்கா கார் வாசல்ல நிக்கும்ல, சாவி போட்டு பூட்டியே இருக்கணும். பெரியவன் சின்னவன பின்சீட்டுல ஒளிச்சு வச்சுட்டு மறந்துருவான், சைல்டு லாக் போட்டிருந்தா உள்ளருந்து தொறக்காது, வெயில்ல பத்து நிமிஷத்துல கார் உள்ள பத்து டிகிரி ஏறிரும். மார்கழி முடிஞ்ச வெயில்தானேன்னு நெனைக்காதீங்க.

என்ன முழுங்கிச்சுன்னு தெரியலன்னா டெல்லி எய்ம்ஸ்ல இருக்குற தேசிய விஷ தகவல் மையத்துக்கு 1800 116 117-ல போன் பண்ணலாம், காசில்லாத நம்பர். ஆனா பிள்ளைக்கு மயக்கம், ஃபிட்ஸ், மூச்சு திணறல் இருந்தா போன்ல பேசிட்டு இருக்காம 108. போகும்போது பாட்டிலோ, மாத்திரை அட்டையோ, விதையோ, மிச்சம் இருக்குறத கையோட எடுத்துட்டு போங்க, அது இருந்தா டியூட்டி டாக்டருக்கு பாதி வேலை மிச்சம்.

கடைசியா நீங்க மாட்டுன அந்த பிளக் கவர். ரெண்டு முள்ளு வச்ச சின்ன வெள்ளை மூடின்னா, அத ஒரு தடவை உங்க நகத்தால இழுத்து பாருங்க. லேசா வந்துச்சுன்னா உங்க பையனும் எடுப்பான், எடுத்தா அது போற எடம் வாய்தான், சைஸும் சரியா தொண்டைக்கு இருக்கும். இப்ப வர்ற நல்ல சாக்கெட்டுல உள்ளயே ஷட்டர் இருக்கு, பெயின்ட் வேலையோட எலக்ட்ரீஷியன் வந்தா அதையே மாத்திருங்க, அந்த மூடிய எல்லாம் கழட்டி குப்பையில போட்டுருங்க.